செங்காவிக்குக் கீழே

“இதுல எதும்மா தோலு, எது சாயம்?”னு டாக்டர் கேட்டாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் கோணலாப் போச்சு. அதுவரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். துப்பட்டாவை ஒதுக்கி, சுடிதார் கழுத்தை இடது பக்கம் தோள்பட்டை வரைக்கும் இறக்கி விட்டுட்டு, சுவத்துல மாட்டியிருந்த இதயப் படத்துல எந்த அறைக்கு எந்த கலர் அடிச்சிருக்காங்கன்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பேஸ்மேக்கரை செக் பண்றதுன்னா பெருசா ஒண்ணும் இல்ல, மேல வட்டமா ஒண்ணை வெப்பாங்க, கம்ப்யூட்டர்ல கோடு ஓடும், பேட்டரி நல்லாருக்கு போயிட்டு வான்னு அனுப்பிடுவாங்க, வெளிய வந்து பெரியம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு பரோட்டா சாப்புட்டுட்டு பண்ருட்டி பஸ்ஸைப் பிடிக்கலாம்னு இருந்தேன். டாக்டர் ஜெசிந்தா பஞ்சை நனைச்சு அந்த இடத்துல ஒரு இழு இழுத்தாங்க. பஞ்சு செங்கல் கலர்ல வந்துச்சு. இன்னொரு பஞ்சு எடுத்தாங்க, அதுவும் செங்கல் கலர். “மருதாணியா?”ன்னாங்க. சாதாரண நாளா இருந்தா எனக்கு வாய் சும்மா இருக்காது, ஏன்னா மருதாணி போடறதுதான் என் தொழிலே, கல்யாண வீடு கல்யாண வீடா கோனைத் தூக்கிக்கிட்டு சுத்தறவ நான், மருதாணி செவந்ததுக்கு அப்புறம் பஞ்சுல இப்படி ஒட்டிக்கிட்டு வருமா மேடம்னு ஒரு பாட்டம் பேசியிருப்பேன். பெரியம்மாதான் பின்னாடியிலேருந்து, “இல்லீங்கம்மா, அக்கிக்குக் காவியில எழுதியிருக்கு”ன்னாங்க. டாக்டர் பஞ்சைக் கையிலயே வெச்சுக்கிட்டு பெரியம்மாவைப் பார்த்தாங்க. “யாரு சொன்னா அக்கின்னு?” “செவப்பா கொத்தா வலை மாதிரி வந்துச்சும்மா, அப்புறம் அக்கி இல்லாம வேற என்னா?” “அது அக்கியா வேறயான்னு பார்க்கத்தான நான் இங்க உக்காந்திருக்கேன்? நீங்க அது மேல ஒரு சிங்கத்தை வரைஞ்சு கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. நான் இப்ப சிங்கத்தைப் பார்க்கவா, புள்ளையப் பார்க்கவா?” எனக்கு சிரிப்பு வந்திருக்கணும். வரல. அவங்க குரல் அதுக்கு அப்புறம் எறங்கிடுச்சு, என்னைப் பார்த்து மெதுவா சொன்னாங்க, மெஷின் இருக்கற இடத்துக்கு மேல தோல் செவந்தா ரெண்டு விதமா இருக்கலாம் பூவிழி, சும்மா செவப்பா இருந்தா விட்டுடலாம், உள்ள சீழ் பிடிக்குதுன்னா மெஷினையே வெளிய எடுத்தாகணும், வயரோட. வயரோடன்னு சொல்லும்போது ஒரு விரலை மேலேருந்து கீழ இழுத்துக் காமிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க, காய்ச்சல் இருந்துச்சா? இல்ல மேடம். இங்க வலிக்குதா? இல்ல மேடம். “நல்லது”ன்னாங்க. ரொம்ப நல்லதுங்கற மாதிரி தலையை ஆட்டினாங்க.

தோல் டாக்டர் மேல் மாடியிலேருந்து வருவாராம், அவர் பார்த்துத்தான் சொல்லணுமாம், அதுக்குள்ள இந்தக் காவி முழுசும் போயிருக்கணுமாம், ஆனா தேய்க்கக் கூடாதாம். தேய்ச்சா தோல் அதுவா செவந்துடும், அப்புறம் அவர் வந்து எந்தச் செவப்பைப் பார்ப்பார்னு கேட்டாங்க. இது எனக்கு சொல்லணுமா, தோல் மேல கலர் எப்படி உக்காரும் எப்படி எறங்கும்னு நாலு மணி நேரம் பேசுவேன் நான். மருதாணி தோலுக்குள்ள போகும், உள்ளங்கையில ஆழமா போகும், நெஞ்சுல போட்டா மேலாப்புல நின்னுட்டு சீக்கிரம் வெளுத்துடும், ஆனா காவி மண்ணு, மண்ணு மேலயேதான் உக்காந்திருக்கும், தோலோட சின்னச் சின்னக் கோட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும், தண்ணி பட்டா இன்னும் உள்ள எறங்கும், எண்ணெய்தான் அதைத் தூக்கும். பெரியம்மா எண்ணெய் தேடிப் போனாங்க. நான் பொம்பளைங்க பாத்ரூம்ல போயி தாழ்ப்பாளைப் போட்டேன். கண்ணாடி இல்ல. போனை எடுத்து முன்பக்க கேமராவைத் திறந்து ஜன்னல் விளிம்புல சாய்ச்சு வெச்சு அதுல பார்த்தேன், அதுல சிங்கம் திரும்பி நிக்குது, வாலு என் கழுத்துப் பக்கம் போகுது. பைப்புல தண்ணி நூலு மாதிரி வருது. கையில பிடிச்சு அந்த இடத்துல விட்டேன். வயித்துல ஓடுன தண்ணி சில்லுன்னு இருந்துச்சு, அந்த இடத்துல ஒண்ணும் தெரியல. அப்பதான், அந்தத் தண்ணி மேல ஓடியும் எனக்கு ஒண்ணும் தெரியாம போனப்பதான், நான் டாக்டர்கிட்ட என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்னு லேசா தட்டுச்சு. வலிக்குதான்னு கேட்டாங்க, இல்லன்னேன். அங்க எப்படி வலிக்கும். அங்க தண்ணியே தெரியலையே.

ஆபரேஷன் ஆனதுலேருந்தே அப்படித்தான். கீறின கோட்டுக்குக் கீழ, பேஸ்மேக்கர் பெட்டிக்கு மேல, ஒரு உள்ளங்கை அளவு இடம் மரத்துப் போயி கெடக்கு. மொதல்ல எல்லாம் விளையாட்டா இருந்துச்சு, சேஃப்டி பின்னால லேசா குத்திப் பார்ப்பேன், குத்தறது தெரியும் ஆனா வேற யாரையோ குத்தற மாதிரி இருக்கும். அப்புறம் அது என் இடம் இல்லங்கற மாதிரியே பழகிப் போச்சு. குளிக்கும்போது சோப்பு அந்த இடத்தைச் சுத்திப் போகும். அதனால யாராவது அங்க வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் வரும், வயித்து வலி இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்ற மாதிரி. அது பொய்யா? பொய் இல்ல. வலிக்கல, அது உண்மை. ஆனா அவங்க கேட்டது அது இல்ல. அவங்க கேட்டது உள்ள ஏதாவது கெட்டுப் போயிருந்தா உன் உடம்பு உனக்குச் சொல்லியிருக்குமேன்னு. என் உடம்புக்கு அங்க வாய் கிடையாது. இதயத்துல கீழ் ரூமுக்கு மேல் ரூம் சொல்றது கேக்கலன்னு இதே டாக்டர்தான் பெட்டி வெக்கறதுக்கு முன்னாடி படம் போட்டுக் காமிச்சாங்க, மேல இருக்கற ரூம் துடிச்சிக்கிட்டே இருக்கு, கீழ இருக்கறதுக்கு அந்தச் சேதி போய்ச் சேரல, அது பாட்டுக்கு எப்ப தோணுதோ அப்ப ஒண்ணு துடிக்குது. அது தெரிஞ்சது நெய்வேலியில ஒரு கல்யாண வீட்டுல. பொண்ணோட வலது கையில மயில் போட்டுக்கிட்டிருக்கேன், நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு, தோகையை முழங்கை வரைக்கும் இழுக்கலாமா வேணாமான்னு ஒரு யோசனை, கோனை அழுத்தறேன், கோடு போகுது, போகுது, அப்புறம் கோடு மட்டும் போயிருக்கு நான் இல்ல. கண்ணைத் தொறந்தா பொண்ணோட அத்தை என் மூஞ்சியில சோடாவை ஊத்திக்கிட்டிருக்காங்க, பொண்ணு “ஐயோ என் கை, என் கை”ன்னு கத்துது, முழங்கையிலேருந்து கன்னம் வரைக்கும் ஒரு பட்டைக் கோடு. கன்னத்துல மருதாணியோட தாலி கட்டிக்கிச்சு அந்தப் பொண்ணு. இதைச் சொல்லி நான் எத்தனை பேரைச் சிரிக்க வெச்சிருக்கேன் தெரியுமா.

கதவை டொக்கு டொக்குன்னு தட்டறாங்க. “யாருப்பா உள்ள, குடும்பமே நடத்தறியா?” வரிசையில நிக்கற ஒரு அக்கா. அதுக்குள்ள பெரியம்மா குரல் வந்துச்சு, வந்துட்டாங்க, நிம்மதி, பெரியம்மா வாய் முன்னாடி நின்னா எனக்கு எதுவும் நடக்காதுன்னு சின்ன வயசுலேருந்து ஒரு நெனப்பு. “உள்ள எம் பொண்ணு இருக்குது. நெஞ்சுல மருந்து கழுவுது.” “கழுவறதுக்கு வேற எடம் இல்லியா? எனக்கு இங்க முட்டிக்கிட்டு நிக்குது.” “பக்கத்துல இன்னொண்ணு தொறந்துதான கெடக்குது?” “அதுல தாழ்ப்பா இல்லக்கா.” “நான் நிக்கறேன் கதவாண்ட, நீ போ. எவ வந்து தொறக்கறான்னு பார்த்துடறேன்.” “நீ நிப்பியா?” “அஞ்சலை நின்னா மினிஸ்டர் வந்தாலும் தொறக்க முடியாது, போடி.” அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே போயிடுச்சு. கதவை ஒரு கை அளவுக்குத் திறந்தேன், பெரியம்மா கை உள்ள வந்துச்சு, கையில சின்ன ஷாம்பு பாட்டில், அதுல தேங்கா எண்ணெய். புள்ளைக்குத் தலை பின்னிக்கிட்டிருந்த ஒருத்திகிட்ட வாங்கினாங்களாம். “விழி, எல்லாம் என்னாலதான?”ன்னு கதவுக்கு அந்தாண்டேயிருந்து கேட்டாங்க. இல்ல பெரியம்மான்னு நான் சொல்லியிருக்கணும். எண்ணெய் மூடியைத் தொறக்கற சத்தத்தைத்தான் கேட்டிருப்பாங்க.

அவங்களால இல்ல, நானும்தான் போனேன். செவப்பு வந்தப்ப மொதல்ல வேர்க்குருன்னு நெனச்சேன். அப்புறம் அது மெல்லிசு மெல்லிசா கோடாப் பிரிஞ்சு, மீன் வலையைப் பிடிச்சு அமுக்கி வெச்ச மாதிரி ஆச்சு. பெரியம்மா பார்த்துட்டு அக்கின்னாங்க. எங்க பக்கம் அக்கின்னா பானை செய்யறவங்க வீட்டுக்குத்தான் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம், அது இன்னிக்கு நேத்து வழக்கம் இல்ல. ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசல்ல காலங்காத்தால கெழக்கப் பார்த்து உக்கார வெச்சாரு, காவிக்கல்லை பன்னீர் விட்டு இழைச்சாரு, கோழி இறகால தொட்டு செவப்பு மேல சிங்கத்தை எழுத ஆரம்பிச்சாரு, எனக்கு வேற எல்லாம் மறந்து போச்சு. அந்த மனுசன் கை! ஒரே இழுப்புல முதுகு, ஒரே இழுப்புல வாலு, நடுவுல இறகைத் தூக்கவே இல்ல. நான் கோனை வெச்சுக்கிட்டு அப்படி ஒரு கோடு இழுக்கணும்னா மூச்சைப் பிடிக்கணும். “அண்ணா பிடரியை எப்படி சுழிக்கறீங்க, திரும்பக் காமிங்க”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவர் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே, கட்டை விரலால அந்த இடத்தை அழுத்திப் பார்த்துட்டு, “ஏம்மா, உள்ள கல்லு மாதிரி கெட்டியா என்னமோ இருக்குது?”ன்னாரு. பெரியம்மா டக்குனு, “அது எலும்பு, பொண்ணு ஒல்லிதான”ன்னுட்டாங்க. எங்க தெருவுல யாருக்கும் பெட்டி விசயம் தெரியாது, பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்குப் போயிடும்னு அம்மா சொல்லியிருக்கு. அவர் என் மூஞ்சியைப் பார்த்தாரு. நான் எலும்புதான் அண்ணான்னு தலையாட்டினேன். பெட்டின்னு சொல்லியிருந்தா அந்த மனுசன் இறகைக் கீழ வெச்சிருப்பாரு, மொதல்ல டாக்டர்கிட்ட காமிச்சுட்டு வாம்மான்னுருப்பாரு, அவரு அப்படிப்பட்ட ஆளுதான். எலும்புன்னு சொன்னதால எழுதினாரு. தண்ணி படக் கூடாது, உப்பு கொறைச்சுக்கோ, திரும்ப வா, காஞ்சதும் மேல எழுதறேன்னாரு. மேல மேல எழுதினாரு. ஒவ்வொரு தடவையும் நான் அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். அடியில என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அவர் கேட்டாரு, நான் எலும்புன்னேன். இவங்க கேட்டாங்க, நான் வலிக்கலைன்னேன். என்னடா இது, கேக்கறவங்களுக்கு எல்லாம் நான் ஒரு பதில் வெச்சிருக்கேன்.

எண்ணெயை உள்ளங்கையில ஊத்தி மேல வெச்சு சும்மா பிடிச்சுக்கிட்டேன். தேய்க்கக் கூடாது. வெச்சு எடுக்கணும், வெச்சு எடுக்கணும். கைக்கு அடியில பெட்டி இருக்கு, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு, ஓரம் வழவழன்னு. கைக்கு அது தெரியுது, நெஞ்சுக்கு கை தெரியல. சீழா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சேன், பயந்துக்கிட்டு இல்ல, பஸ்சு எத்தனை மணிக்குன்னு யோசிக்கற மாதிரி. வயரை இழுப்பாங்க. வயர் இதயத்துக்குள்ள சதையோட ஒட்டிப் போயிருக்கும், சமயத்துல கூட சதையும் வரும்னு எங்கயோ படிச்சிருக்கேன், ராத்திரி பகல் பார்க்காம இதை எல்லாம் போன்ல படிச்சுத் தள்ளினவ நான். கழுத்து வழியா வேற வயர் போட்டு வெளிய ஒரு டப்பாவோட கட்டி வெப்பாங்க, படுக்கையை விட்டு எழுந்திரிக்க விட மாட்டாங்க, சீழ் ஆறணும், அப்புறம் வலது பக்கம் கிழிச்சுப் புதுசு வெப்பாங்க. வலது பக்கம். நான் மருதாணி போடற கை. ஆறு வாரமோ என்னமோ கையைத் தூக்கக் கூடாதும்பாங்க, போன தடவை அப்படித்தான், தோள் ஒட்டிப் போயி முடி பின்னவே பெரியம்மா வேணும். வைகாசி முழுக்க ஆர்டர் இருக்கு. இதெல்லாம் வரிசையா வருது மனசுல, வந்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டு நிக்குது, எதுவும் உறைக்கல. அம்மா முந்திரி கம்பெனியில கொட்டை உடைக்குது, கொட்டைத் தோட்டுலேருந்து கசியற பால் பட்டுப் பட்டு அம்மாவோட விரல் நுனியில தோலு கறுத்து உரிஞ்சு ரேகையே கெடையாது. சூடான தோசைக்கல்லுல கையாலயே தோசையைத் திருப்பும். சுடலியாம்மான்னா, சுட்டாத்தானடி தெரியும்னு சொல்லும். அப்படி ஆயிட்டேனா நான், நெஞ்சு முழுக்க? ஏன் அழுகை வர மாட்டேங்குது? வரிசையில நின்ன அந்த அக்காவுக்கு முட்டிக்கிட்டு வந்ததுல பாதி கூட எனக்கு எங்கயும் முட்டல. வலிக்கலன்னு சொல்லிட்டேன், நல்லதுன்னாங்க. அந்த நல்லதை அவங்க எங்க எழுதி வெச்சாங்களோ. அந்த நல்லதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்கன்னா? உள்ள சீழ் இருந்து, இந்தப் புள்ளதான் வலிக்கலைன்னு சொல்லுச்சே போகட்டும்னு விட்டுட்டாங்கன்னா? அது ரத்தத்துல கலந்தா ஆளே காலியாமே. சொல்லிடலாம். சொன்னா, ஓஹோ அப்ப சந்தேகம்தான், எடுத்துடலாம்பாங்க. சொல்ல வேணாம். சொல்லாம பஸ்ல போயி உக்காந்தா? ஜன்னல் சீட்டு, பலாப்பழக் கடை எல்லாம் தாண்டிப் போகுது, உள்ள ஊறிக்கிட்டே இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது. சொல்லலாம். சொன்னா வயரு. துப்பட்டா முனையை எடுத்து ஒத்தினேன். துணி முழுக்க செங்கல் கலர். சிங்கத்தோட கால் போச்சு. வயிறு போச்சு. பிடரி போகும்போது மட்டும் ஐயோன்னு இருந்துச்சு, அவ்வளவு அழகான சுழி.

அடியிலேருந்து அந்த வலை வந்துச்சு. போன்ல பார்க்கறேன், எண்ணெய்ல பளபளன்னு, செக்கச் செவேல்னு மெல்லிசு நூல் நூலா, பெட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு. யாரோ பெட்டியோட ஓரத்தை வெளியிலேருந்து பார்த்து நிழல் அடிச்ச மாதிரி. விரலை வெச்சு அழுத்தினேன். எடுத்தேன். விரல் இருந்த எடம் வெள்ளையா இருந்துச்சு, அப்புறம் கோடு கோடா செவப்பு திரும்பி ஓடி வந்துச்சு. திரும்ப அழுத்தினேன். வெள்ளை. செவப்பு. வெள்ளை. செவப்பு. நல்லதா கெட்டதான்னு தெரியல, ஆனா பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. யாரோ ஒருத்தியோட தோலுக்குள்ள தண்ணி போயிட்டு போயிட்டு வருது. “செத்துகித்துப் போயிட்டியாடி?”ன்னு பெரியம்மா கதவைத் தட்டினாங்க, தட்டிட்டு, என்ன வார்த்தை சொல்லிட்டோம்னு அவங்களே பயந்து போயி, “வாடி கண்ணு, டாக்டர் வந்துட்டாராம்”னாங்க.

தோல் டாக்டர் வயசானவரு. மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்துல மூஞ்சியை வெச்சுப் பார்த்தாரு. “யாரும்மா இவ்வளவு சுத்தமா எடுத்தது?” நான்தான் சார்னேன். “உரசாம எடுத்திருக்கியே, கெட்டிக்காரி.” புறங்கையை வெச்சு சூடு பார்த்தாரு. பையிலேருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அந்த இடத்துல வெச்சு அழுத்தினாரு, கண்ணாடி வழியாப் பார்த்தாரு, டாக்டர் ஜெசிந்தாவையும் கூப்பிட்டுக் காமிச்சாரு. “வெளுக்குது பாருங்க. ரத்தம் எல்லாம் குழாய்க்குள்ளயேதான் இருக்கு.” அவருக்கு குஷி வந்துடுச்சு, நான் நல்ல டிசைனைப் பார்த்தா வருமே அந்த மாதிரி. “இதை நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன், நேர்ல இதான் மொதல் தடவை”ன்னாரு. மெஷின் வெச்ச இடத்துக்கு மேல சில பேருக்கு, ரொம்ப அபூர்வமா, தோல்ல இருக்கற சின்ன ரத்தக் குழாய் எல்லாம் விரிஞ்சுக்கிட்டு இப்படி வலை கட்டுமாம், ஏன்னு யாருக்கும் சரியா தெரியாதாம், கெடுதல் கிடையாதாம். பெரியம்மா கையைக் கும்பிட்ட மாதிரி வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. “சூடு இல்ல. வீக்கம் இல்ல. காய்ச்சல் இல்ல. வலியும் இல்லன்னு சொல்லுது பொண்ணு, அப்படித்தான?” டாக்டர் ஜெசிந்தா, ஆமா சார், கேட்டேன், வலி இல்லைன்னுதான் சொல்லுதுன்னாங்க. “அப்ப எடுக்க வேணாம்.” எடுக்க வேணாம்னு சொல்லிட்டாரு. முடிஞ்சு போச்சு. சுடிதாரை மேல இழுத்துக்கிட்டுப் போகலாம். பெரியம்மா ஏற்கெனவே என் பையைத் தோள்ல மாட்டிட்டாங்க. நான் சுடிதார் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், கை மேல போகல, கீழயும் போகல. என் குரல் எனக்கே வேற எங்கேயோ கேட்டுச்சு. “சார், அந்த எடத்துல எனக்கு எதுவுமே தெரியாது.”

“தெரியாதுன்னா?” “தொட்டா தெரியாது சார். ஆபரேஷன்லேருந்தே. வலிச்சாலும் எனக்குத் தெரியாது.” டாக்டர் ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையில திட்டு இருந்துச்சான்னு இப்ப வரைக்கும் எனக்குப் புரியல. “இதை ஏன் அப்பவே சொல்லல?” பெரியம்மா, “ஏண்டி வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா”ன்னு மூச்சுக்காத்துல சொன்னாங்க, எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. பெரியவர் கோவிக்கல. கண்ணை மூடிக்கோன்னாரு. பஞ்சைத் திரிச்சு வெச்சுக்கிட்டு, தொடும்போது தெரிஞ்சா சொல்லுன்னாரு. கண்ணை மூடினேன். இருட்டா இருந்துச்சு, ஃபேன் சத்தம், பெரியம்மாவோட வெத்தலை வாசனை. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. தொட ஆரம்பிக்கலைன்னு நெனச்சேன். அப்புறம் தோள் ஓரத்துல குறுகுறுன்னு. “தெரியுது.” கண்ணைத் தொறந்தா அவர் பேனாவால நெஞ்சுல புள்ளி புள்ளியா வெச்சிருக்காரு, அத்தனை எடத்துலயும் தொட்டிருக்காரு, நான் வாயே தொறக்கல. புள்ளியெல்லாம் சேர்த்து ஒரு கோடு போட்டாரு, செவப்பு முழுசும் அந்தக் கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு. “சரி. அப்ப வலி இல்லங்கறதை கணக்குல எடுத்துக்க முடியாது. உள்ள தண்ணி கோத்திருக்கான்னு ஸ்கேன்ல பார்த்துடுவோம், ரத்தமும் எடுங்க. அது வரைக்கும் நான் சொன்னது எதுவும் செல்லாது.” எதுவும் செல்லாதுன்னு அவர் சாதாரணமாத்தான் சொன்னாரு. பெரியம்மா பையைத் தோள்லேருந்து எறக்கினாங்க.

ஸ்கேன் ரூம்ல அந்த ஜெல்லை மேல போட்டாங்க, ஜில்லுன்னு இருக்கும்மான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, எனக்கு இல்ல. ரத்தம் எடுத்தாங்க, ஊசி முழங்கையில சுருக்குன்னு ஏறுச்சு, அது பிடிச்சிருந்துச்சு கூட. அப்புறம் வெளிய பெஞ்சு. பெரியம்மா என் பையை மடியில வெச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, “சொன்னதும் நல்லதுதான்”னாங்க, யார்கிட்டயோ சொல்ற மாதிரி எதிர் சுவத்தைப் பார்த்துக்கிட்டு. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு, “அந்த ஏகாம்பரத்துகிட்டயும் நான் எலும்புன்னு சொல்லியிருக்கக் கூடாது, பாவம், அவன் மேல பழி வந்திருக்கும்”னாங்க. நான் மனசுக்குள்ள படுக்கை, கழுத்துல வயரு, வலது பக்கத்துக் கீறல் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன், புடவைக் கடையில எடுத்துக்காத புடவையைப் பார்க்கற மாதிரி, சரி இதுவா, சரி இது. வைகாசி ஆர்டரை எல்லாம் யாருக்குக் குடுக்கலாம்னு கூட யோசிச்சு முடிச்சுட்டேன். டோக்கன் நம்பர் கூப்பிடறாங்க, என் நம்பர் இல்ல. ஒரு குழந்தை அழுவுது. அதுக்கு எவ்வளவு சுலபமா வருது.

டாக்டர் ஜெசிந்தா அவங்களே வெளிய வந்தாங்க. அவங்க நடந்து வர்றதைப் பார்த்து பெரியம்மா எழுந்து நின்னுட்டாங்க. “உள்ள ஒரு சொட்டு தண்ணி கூட இல்ல. ரத்தமும் சுத்தமா இருக்கு. பெட்டி அங்கயே இருக்கட்டும். வலை போகலாம், போகாமலும் இருக்கலாம், அதோட பாட்டுக்கு விட்டுடு, வீங்கினாலோ சூடு வந்தாலோ உடனே ஓடி வரணும், அந்த எடம் கெட்டா உனக்குத் தானா தெரியாது, அதனால தினம் பெரியம்மா தொட்டுப் பார்க்கட்டும்.” பெரியம்மா அப்படியே பெஞ்சுல சரிஞ்சு ஓன்னு அழுதாங்க, வார்டு பூரா திரும்பிப் பார்க்கற மாதிரி, மூக்கைச் சிந்திக்கிட்டே டாக்டர் கையைப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் சரிங்க மேடம்னேன். தேங்க்ஸ் மேடம்னேன். அடுத்த செக்கப் எப்ப மேடம்னு கூட கேட்டேன். “என்னடி கல்லு மாதிரி நிக்கற, அழுடி, சிரிடி, ஏதாச்சும் பண்ணுடி, உன்னைப் பார்த்தா எனக்கு பயமா இருக்குது”ன்னு பெரியம்மா என் தோளைப் பிடிச்சு உலுக்கறாங்க. உலுக்கறது தெரியுது. அம்மாவுக்கு போன் போட்டேன், பின்னாடி கொட்டை உடைக்கற சத்தம், எடுக்க வேணாம்னுட்டாங்கம்மான்னேன். அந்தப் பக்கம் போனைக் கீழ எறக்கிட்டு, “எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லியாம்”னு அம்மா கத்தினதும், உள்ள வேலை செய்யற பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஹேன்னு கூவினதும் கேட்டுச்சு, ஒரு கொட்டகை நிறைய பேரு எனக்காக சந்தோசப்படறாங்க, நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு யாரு வீட்டு விசேசத்தையோ ரோட்டுலேருந்து பார்க்கற மாதிரி நிக்கறேன். பயத்தை எல்லாம் காலையிலேயே எங்கேயோ எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன் போல, சந்தோசமும் அதோடயே போயிடுச்சோ என்னமோ. இதை எழுதற வரைக்கும் அது வரல. வரும்னுதான் உக்காந்திருக்கேன். நீங்க சொல்லுங்க, தப்பிச்சுட்டோம்னு தெரிஞ்சும் உள்ள ஒண்ணுமே அசையாம நீங்களும் இப்படி நின்னிருக்கீங்களா? உங்களுக்கு அது வந்துச்சா? வர எவ்வளவு நாளாச்சு?